வழிப்போக்கர் தங்கிய வீதிகள்

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டியைக் கடந்து, ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறி இறங்குகிற பிரயாணியின் கண்முன் விரிகிற கம்பம் பள்ளத்தாக்கு, மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே வருஷநாட்டு மலைகளும் அரணாக நிற்க, நடுவே முல்லையாறும் சுருளியாறும் நனைக்கும் நெல்வயல்களும் திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளுமாக, வெளியுலகத்தின் தயவை வேண்டாமல் தனித்து வாழும் ஒரு பிரதேசம் போலத் தோற்றமளிக்கிறது. தோற்றம் அவ்வளவே. மலைமேலிருந்து ஏலமும் மிளகும் தேயிலையும் கீழே இறங்கவும், கீழிருந்து அரிசியும் துணியும் கூலியாட்களும் மேலே ஏறவும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்னும் மலைவாயில்கள் வழியாகத் தமிழ்நாடும் மலையாள தேசமும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நெடுவழி இது. ஆகவே இங்குள்ள ஊர்களின் வீதிகளுக்கு முகம் கொடுத்தவர்கள் அரசர்களோ நகரமைப்பு நிபுணர்களோ அல்லர். ராத்தங்கலுக்கு இடம் தேடி வந்த வழிப்போக்கர்களும், அவர்களுக்கு இடம் கொடுத்து ஜீவனம் நடத்தியவர்களுமே என்பது என் அபிப்பிராயம். கோயில் கோபுரங்களையும் ஜமீன் அரண்மனைகளையும் பற்றி எழுதுவதில் நமக்கு உள்ள உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கு கூட, பேருந்து நிலையத்துக்கு எதிரே காரை பெயர்ந்து நிற்கும் பழைய லாட்ஜ் கட்டடத்தின் பேரில் நமக்கு வருவதில்லை. அந்தக் கட்டடத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

பொதிமாடுகளும் கால்நடையும் தவிர வேறு வாகனம் இல்லாத காலத்தில், ஊர்ச்சாவடியும் ஆற்றங்கரை மண்டபமும் கோயில் பிராகாரமுமே வழிப்போக்கனுக்குக் கூரையாயின. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை வகுத்து, மரம் நட்டு, சத்திரம் கட்டிய புண்ணியத்தைத் தென்பாண்டி நாடு இன்னும் மறக்கவில்லை; மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரால் நிற்கும் சத்திரமே அதற்குச் சாட்சி. ஆனால் சத்திர தர்மத்தைப் புகழ்ந்து பேசும்போது நாம் சௌகரியமாக மறந்துவிடுகிற சங்கதி ஒன்றும் உண்டு. வருகிறவன் பசித்தவனா, களைத்தவனா என்று பார்ப்பதற்கு முன்னால் அவன் இன்ன ஜாதியான் என்று பார்த்த பின்னரே அந்தக் கதவுகள் திறந்தன. பிராமணர்களுக்கென்று ஒரு சத்திரமும், இன்ன வர்த்தக சமூகத்தாருக்கென்று மற்றொன்றும் இருந்தனவேயல்லாமல், தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டோருக்கு மரத்தடியும் சேரியிலுள்ள உறவினர் குடிசையுமே கிடைத்தன. இதை மனத்தில் வைத்துக்கொண்டாலன்றிப் பின்னால் வந்த லாட்ஜின் பெருமை நமக்கு விளங்காது.

ஒரு தங்குமிடம் பிறந்து வளர்ந்து மறைந்த கதைக்குப் பெரியகுளத்துக்கு அருகே மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பைவிடச் சிறந்த உதாரணம் இந்தப் பக்கத்தில் இல்லை. அமெரிக்க மிஷன் பாதிரிமார் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியதிலிருந்து, வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி மலையேறுகிற வெள்ளைக்காரக் குடும்பங்கள் எல்லாம் இந்தத் தோப்புக்கு வந்துதான் தீரவேண்டியிருந்தது. 1875இல் அம்மையநாயக்கனூர் வரையில் ரயில் வந்த பிறகு, அங்கே இறங்கி, இரவு முழுவதும் மாட்டுவண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்து, தோப்பில் இளைப்பாறி, விடியுமுன் டோலியிலோ மட்டக் குதிரையிலோ ஏறி, கூலிகளின் மூச்சிரைப்பைக் கேட்டுக்கொண்டே செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் கொடைக்கானலுக்குப் போவார்கள். டோலி தூக்குவோர், வண்டிக்காரர், சமையற்காரர், கோழி முட்டை கொண்டு வந்து விற்போர் என்று அந்தத் தோப்பை நம்பிச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பலர் பிழைத்தார்கள். பிறகு 1914இல் வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து மலைக்கு வண்டிப் பாதை அமைந்தது, மோட்டார் வந்தது, டோலியும் தோப்பும் ஒன்றாகவே வழக்கொழிந்தன. யாரும் அந்த இடத்தைப் பழித்ததுமில்லை, இடித்ததுமில்லை. சாலை வேறு பக்கம் திரும்பிற்று, அவ்வளவுதான். இந்தப் பள்ளத்தாக்கில் அதற்குப் பின் நூறு வருஷத்தில் நடந்ததெல்லாம் இதே கதையின் வேறு வேறு பதிப்புகளே.

முல்லைப் பெரியாற்று அணை எழுந்தபோது, அதாவது 1887க்கும் 1895க்கும் இடையில், பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலை தன் ஆயுளில் முதல் முறையாகக் கனத்த பாரத்தைச் சுமந்தது. கர்னல் பென்னிகுயிக்கின் வேலைக்கு வேண்டிய தளவாடங்கள் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, வண்டி வண்டியாகப் பெரியகுளம், தேனி, சின்னமனூர், கம்பம், கூடலூர் வழியாக மலையடிவாரத்தை அடைந்தன. அந்தக் கட்டுமானக் காலத்தை லோயர் கேம்ப் என்கிற ஊர் இன்றைக்கும் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. அணைத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரை இருபோக நஞ்சையாக்கிற்று. இருபோகம் என்றால் வருஷத்துக்கு இரண்டு அறுவடை, இரண்டு முறை நெல் வியாபாரிகளின் வருகை, இரண்டு முறை வெளியூர்க் கூலிகளின் கூட்டம். தண்ணீரைக் கணக்குப் பார்க்கும் மராமத்து இலாகா உத்தியோகஸ்தர்களும், வரியைக் கணக்குப் பார்க்கும் ரெவினியூ உத்தியோகஸ்தர்களும் அடிக்கடி வந்து போக நேர்ந்ததால், அவர்கள் தங்குவதற்கென்று முசாபரி பங்களாக்கள் எழுந்தன.

முசாபரி பங்களா என்பது ஒரு தனி ஜாதிக் கட்டடம். ஊருக்குச் சற்று ஒதுக்குப்புறமாக, மேடான இடத்தில், வேப்ப மரமோ புளிய மரமோ நிழல் கொடுக்க, சீமை ஓடு வேய்ந்த கூரையும், நான்கு புறமும் அகன்ற தாழ்வாரமும், கையால் இழுக்கும் பங்காவும், பின்கட்டில் சமையலறையும் குதிரை லாயமுமாக அது நிற்கும். காவற்காரனே சமையற்காரனாகவும் இருப்பான்; கலெக்டரின் ருசி இன்னது, இஞ்சினீயரின் கோபம் இன்னது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பொதுஜனங்களில் அந்தஸ்துள்ளவர்கள் வாடகை கொடுத்துத் தங்கலாம் என்று விதி இருந்தாலும், துரை ஒருவர் வந்து சேர்ந்தால் முன்னால் வந்தவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இன்றைக்கும் தேனியில் ஜனநெருக்கடி மிகுந்த ஒரு பகுதிக்குப் பங்களாமேடு என்று பெயர் வழங்குகிறது. மேடும் தெரியாதபடி, பங்களாவும் தெரியாதபடி கடைகள் அதை மூடிவிட்டன.

உத்தியோகஸ்தருக்குப் பங்களா என்றால், வியாபாரிக்குப் பேட்டை. ராமநாதபுரம் சீமையிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மாட்டுவண்டிகளில் சரக்கேற்றி வந்த நாடார் வணிகர்கள், கள்வர் பயத்துக்காகச் சுற்றுச்சுவர் எழுப்பி, உள்ளே வண்டி அவிழ்க்கவும் மாடு கட்டவும் சரக்கு இறக்கவும் இடம் வகுத்து, வருகிற வண்டிக்கும் மூட்டைக்கும் ஏற்ப மகமை வசூலித்து, அந்த மகமையைக் கொண்டே கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் கட்டிய முறை தென்னாட்டு வணிகச் சரித்திரத்தில் ஒரு தனி அத்தியாயம். பேட்டையில் வெறும் வியாபாரம் மட்டும் நடக்கவில்லை; தங்கலும் சமையலும் பஞ்சாயத்தும் சம்பந்தம் பேசுதலும் அங்கேயே நடந்தன. தேனியின் மேலப்பேட்டை இந்த மரபின் வாரிசு. அல்லிநகரம் என்ற பழைய கிராமத்துக்குப் பக்கத்தில், சந்தை கூடுமிடமாக இருந்த தேனி, பருத்தியும் மிளகாயும் தானியமும் குவிகிற வர்த்தக ஸ்தலமாக மாறியதற்கு இத்தகைய வணிகர்களே முதற்காரணம். தேனி வாரச்சந்தையின் பிரக்யாதி பிற்பாடு தென்னாடெங்கும் பரவிற்று.

மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்குத் தேயிலை, டாப் ஸ்டேஷன் வரையில் குட்டி ரயிலிலும், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கும் இறங்கி, போடிக்கு வண்டிகளில் வந்த காலம் ஒன்று உண்டு. 1924 வெள்ளம் அந்தக் குட்டி ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. நான்கு வருஷம் கழித்து, 1928இல், மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது. தாலுகாவின் தலைநகரமாக, கோர்ட்டும் கச்சேரியும் மாந்தோப்புகளும் மிஷன் பள்ளியுமாகப் பெருமிதத்துடன் வீற்றிருந்த பெரியகுளத்தை அந்த ரயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கே பெரியகுளத்துக்கும் தேனிக்கும் இடையிலான வழக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். 1996இல் மதுரையிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் அமைத்தபோது தேனி தலைநகரமானது அந்தத் தீர்ப்பின் நிறைவேற்றமே. யுத்த காலத்தில் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில்தான் அவை திரும்பவும் போடப்பட்டன. இந்த இடைக்காலம் பஸ்ஸுக்கு வாய்த்த யோக காலம்.

பஸ் சரித்திரத்துக்குப் போகுமுன் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போவது தர்மமல்ல. வெளியூரில் இரவு தங்குவது என்பதே இந்த வட்டாரத்து ஜனங்களில் ஒரு பெரும்பகுதியினருக்கு நீண்ட காலம் குற்றமாக இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளர் சமூகத்தின்மேல் ஏவப்பட்டபோது, ஆண்கள் ராத்திரியில் போலீஸ் காவலில் படுத்துறங்கவும், ஊரை விட்டுப் போவதானால் கையில் சீட்டு வைத்திருக்கவும் கட்டாயமேற்பட்டது. அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டோரின் நினைவு அந்தச் சீமையில் இன்றும் போற்றப்படுகிறது. 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. ராத்திரிச் சீட்டில்லாமல் மதுரைச் சாலையில் நடக்கவும் வெளியூரில் தலைசாய்க்கவும் அவர்களுக்குக் கிடைத்த சுதந்திரம், தேசத்தின் சுதந்திரத்தோடு ஏறத்தாழ ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிந்தைய இருபது வருஷங்களில் இந்தச் சாலைகளில் பிரயாணிகள் கூட்டம் திடீரென்று பெருகியதற்குக் காரணம் தேடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1912இல் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய டி. வி. சுந்தரம் அய்யங்காரின் ஸ்தாபனம் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தென் ஜில்லாக்களில் பஸ் போக்குவரத்தை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தது. அந்தப் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று ஜனங்கள் சொல்வது வழக்கம். யுத்த காலத்துப் பெட்ரோல் பஞ்சத்தில், பின்புறம் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, அதன் வாயுவினால் இந்த வண்டிகள் மலையடிவாரச் சாலைகளில் மூச்சுத் திணறி ஓடின. பஸ் நின்ற இடத்தில் காபி கிளப், காபி கிளப்புக்குப் பக்கத்தில் வெற்றிலை பாக்குக் கடை, அதற்குமேல் மாடி. அந்த மாடியில்தான் நம்முடைய கதாநாயகனாகிய லாட்ஜ் பிறந்தது.

அதே காலத்தில் உலகத்தின் மறுபுறத்தில் வேறொரு தங்குமிடம் பிரபலமாயிற்று. 1925இல் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரில் ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர் மோட்டார்க்காரர்களுக்கென்று கட்டிய விடுதிக்கு மோட்டல் என்று பெயர் சூட்டினார். அதைப் பின்பற்றி அந்நாட்டு நெடுஞ்சாலைகள் தோறும் ஒற்றை மாடி மோட்டல்கள் வரிசையாக எழுந்தன; அறைக்கதவுக்கு எதிரிலேயே காரை நிறுத்திக்கொள்ளும் வசதியே அவற்றின் லட்சணம். 1956இல் பெருவழிச் சட்டம் வந்து, ஊர்களைத் தொடாமல் ஓடுகிற அகலச் சாலைகள் அமைந்ததும் பழைய சாலையோர மோட்டல்கள் வரிசையாக நொடித்துப்போயின. அறுபத்தாறாம் எண் சாலை 1985இல் அரசாங்கத்தின் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. நம் பள்ளத்தாக்கின் லாட்ஜ் அதற்கு நேர்மாறானது. இங்கே தங்க வந்தவனிடம் கார் கிடையாது. தோளில் ஒரு பை, கையில் ஒரு குடை. பஸ்ஸிலிருந்து இறங்கிப் பத்தடி நடந்தால் படிக்கட்டு இருக்க வேண்டும். ஆகவே லாட்ஜ் படுத்துக் கிடக்காமல் நிமிர்ந்து நின்றது. சாலையோரத்தில் நீளாமல், பேருந்து நிலையத்தைச் சுற்றி நெருங்கிக் கூடியது. தேனியில் மதுரை, பெரியகுளம், கம்பம் சாலைகள் சந்திக்கும் நேரு சிலை வட்டாரத்தையும், பழைய பேருந்து நிலையத்தின் சுற்றுப்புறத்தையும் அண்ணாந்து பார்த்தபடி ஒருமுறை நடந்தால் இது தானே விளங்கும்.

அந்தக் கட்டடங்களின் அமைப்பைச் சற்று நிதானித்துப் பார்ப்போம். கீழே ஜவுளிக்கடையோ, சைக்கிள் கடையோ, உர வியாபாரமோ நடக்கும். இரு கடைகளுக்கு இடையே, ஒருவர் ஏறினால் மற்றவர் ஒதுங்கவேண்டிய குறுகிய படிக்கட்டு. படியேறினால் மேஜை, அதன்மேல் கனத்த பதிவேடு, பின்னால் சாவிகள் தொங்கும் பலகை. நடுவே இருண்ட நடை, இருபுறமும் அறைகள், கோடியில் பொதுக் குளியலறையும் சிமெண்டுத் தொட்டியும். தரை சிவப்புச் சாயம் கலந்த சிமெண்டு, வசதியுள்ள இடங்களில் மொசைக். மாடி முகப்பில் காற்றுக்காகப் பூவேலை செய்த சிமெண்டு ஜாலி, ஜன்னல்களுக்கு மேலே மெலிந்த சன்ஷேடு, வீதி முனையில் நிற்கும் கட்டடமானால் வளைந்து திரும்பும் மூலை. கைப்பிடிச் சுவரின் நெற்றியில் கட்டி முடித்த வருஷம். அதற்கு இருபுறமும் சுதையில் சிங்கமோ மயிலோ, தேசபக்தி மிகுந்த முதலாளியானால் காந்தியோ பாரத மாதாவோ. உத்திரம் போட்டுச் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் தளத்தை 1960களில் கட்டிய கட்டடங்களிலும் காண்பது ஆச்சரியமல்ல. யுத்த காலத்தில் தொடங்கிய சிமெண்டுக் கட்டுப்பாடு 1982இல்தான் பாதி தளர்ந்தது, 1989இல்தான் முற்றிலும் நீங்கிற்று. அதுவரையில் பெர்மிட்டுக்காகத் தாலுகா ஆபீசில் காத்து நின்றவன் சுண்ணாம்பையும் செங்கலையும் எப்படிக் கைவிடுவான்?

வருஷம் பொறிக்காத கட்டடத்துக்கு வயது கணிக்க ஒரு உபாயம் உண்டு. சரித்திர ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு அதைச் சிபாரிசு செய்கிறேன். நம்மவர்கள் வீடு கட்டினாலும் கடை கட்டினாலும் நெற்றியில் குலதெய்வத்தின் பெயரை எழுதித் ‘துணை’ என்று முடிப்பார்கள். 1978இல் தமிழ்நாடு அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தத்தை அமுலுக்குக் கொண்டுவருமுன், அந்த ணைகாரம் முன்புறம் துதிக்கை போன்ற வளைவோடு எழுதப்பட்டு வந்தது. அந்தத் துதிக்கையைச் சுதையில் கண்டால், பெரும்பாலும் கட்டடம் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று கொள்ளலாம். போடியிலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் கடைவீதிகளின் மேல்மாடிகளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தால், கீழே பிளாஸ்டிக் பதாகைகள் மறைத்துவிட்ட அரை நூற்றாண்டு மேலே அப்படியே உட்கார்ந்திருப்பது தெரியும். கால் இடறாமல் நடப்பது அவரவர் சாமர்த்தியம்.

யார் தங்கினார்கள்? போடிக்கு ஏலம் வாங்க வந்த வடநாட்டு வியாபாரிகள். கம்பத்துக்குத் திராட்சையும் வாழையும் வாங்க வந்த மலையாளத்து மொத்த வணிகர்கள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள். மாற்றலாகி வந்து வீடு கிடைக்காத வாத்தியார்கள். உத்தமபாளையம் கோர்ட்டில் வாய்தாவுக்கு வந்தவர்கள். 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர் கிளர்ச்சி நடத்தியும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன; மலைவாயில்கள் இரு மாநிலங்களின் எல்லையாயின; சோதனைச் சாவடியில் காத்திருக்கும் லாரிகளால் கூடலூரும் கம்பமும் தங்கல் ஊர்களாயின. லோயர் கேம்பில் பெரியாற்று நீர்மின் நிலையம் 1958இல் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. மறு வருஷம் ஜனவரி 21ஆம் தேதி காமராஜர் வைகை அணையைத் திறந்து வைத்தார். இந்த வேலைகளுக்கு வந்த இஞ்சினீயர்களும் கண்டிராக்டர்களும் முசாபரி பங்களாவில் இடம் போதாமல் லாட்ஜுகளை நாடினார்கள். கார்த்திகை பிறந்தால் சபரிமலை யாத்திரிகர்கள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாக் கூட்டம். பிற்பாடு, அல்லிநகரத்துப் பாரதிராஜாவும் பண்ணைப்புரத்து இளையராஜாவும் புகழ் பெற்றபின், சினிமாக்காரர்களும் வந்தார்கள்.

இவர்கள் எல்லோரும் ஒரே நடையில், ஒரே குளியலறைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள் என்பதுதான் சத்திரத்துக்கும் லாட்ஜுக்கும் உள்ள வித்தியாசம். சத்திரம் குலத்தைக் கேட்டது. லாட்ஜ் முன்பணத்தைக் கேட்டது. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் ஹோட்டல்களிலும் ஜாதியைக் காரணமாக்கி எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதை மீறுவோருக்குத் தண்டனை வைத்தது. சட்டம் சொன்ன மறுநாளே யாவும் மாறிவிட்டன என்று சொன்னால் அது பொய். தேநீர்க்கடைகளில் இரட்டை டம்ளர் வழக்கம் தென் ஜில்லாக் கிராமங்களில் வெகுகாலம் நீடித்த அவமானம். எனினும், முகம் தெரியாத ஊரில், பெயரையும் ஊரையும் எழுதிக் கையெழுத்திட்டு, காசைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டு, கதவைத் தாளிட்டுத் தூங்கும் உரிமையை, யாருடைய தர்மத்தையும் எதிர்பாராமல் சாமானியன் பெற்ற முதல் இடங்களுள் இந்த அழுக்கு மாடிகளும் அடங்கும். இதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. அதே சமயம், தனியே வந்த பெண்ணுக்கு லாட்ஜ் கதவு திறந்ததில்லை, திறந்தாலும் ஊர் வாய் மூடியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கோர்ட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வந்த பெண்கள் தூரத்து உறவினர் வீட்டுத் திண்ணையையே நம்பினார்கள்.

1972இல் சுந்தரம் அய்யங்காரின் பஸ் ஸ்தாபனம் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. பஸ்கள் பெருகின, ராத்திரி பஸ்ஸும் வந்தது. மதுரையிலிருந்து காலையில் புறப்பட்டுக் காரியத்தை முடித்துக்கொண்டு இரவே திரும்பலாம் என்ற நிலை ஏற்பட்டபோது லாட்ஜின் அஸ்திவாரத்தில் முதல் கல் பெயர்ந்தது. ஏல வியாபாரிகள் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துக் கூவிய ஏலம் கணினித் திரைக்கு மாறிற்று. மாவட்டத் தலைநகரமான பிறகு தேனியில் மனை விலை ஏறவே, இரண்டு மாடி லாட்ஜை இடித்து ஐந்து மாடி வணிக வளாகமோ குளிர்சாதன ஹோட்டலோ கட்டுவது லாபகரமாயிற்று. 2004இல் க. விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததும், நோயாளிகளின் உறவினர்களுக்கு நகரத்துக்கு வெளியே புதிய தங்குமிடங்கள் தோன்றின. பின்னர் நகருக்கு ஒதுக்குப்புறத்தில் பென்னிகுயிக்கின் பெயரால் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டபோது, வெளியூர்ப் பஸ்ஸும் லாட்ஜ் படிக்கட்டும் எதிரெதிரே நின்ற பந்தம் அறுந்தது. 2010 முடிவில் அகலப்பாதைக்காக நிறுத்தப்பட்ட ரயில், தேனிக்கு 2022 மே மாதத்திலும் போடிக்கு 2023 ஜூன் மாதத்திலும் திரும்பி வந்தது. ஒரு தலைமுறை ரயிலை மறந்தே வளர்ந்துவிட்டது. குமுளிச் சாலையில் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் அமைந்த புறவழிச்சாலைகளில் சுற்றுலாக் கார்கள் ஊர் முகத்தைப் பாராமலே தேக்கடிக்குப் போகின்றன. அவற்றுக்காகச் சாலையோரத்தில், முன்னால் கார் நிறுத்த விசாலமான இடம் விட்டு, மோட்டல் என்று பெயர்ப்பலகை மாட்டிய உணவகங்கள் எழுகின்றன. அமெரிக்காவில் ஏறத்தாழ நூறு வருஷங்களுக்கு முன் தோன்றிய வடிவம், அங்கே நலிந்துபோன பிறகு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பழையதெல்லாம் பொன் என்று வாதாடுவது என் நோக்கமன்று. மூட்டைப்பூச்சியும் முடைநாற்றமும் நிறைந்த நடைகளுக்காகக் கண்ணீர் விடத் தேவையில்லை. புதிய விடுதிகளில் பெண்கள் தைரியமாகத் தங்குவதும், குடும்பங்கள் அச்சமின்றி வருவதும் பெரிய அபிவிருத்தி. ஆனால் வீதியின் முகம் போன போக்கைப் பற்றி எனக்குப் புகார் உண்டு. முன்பு ஒவ்வொரு கட்டடமும் கொத்தனாரின் கைவண்ணத்தையும் முதலாளியின் பைத்தியத்தையும் காட்டிற்று. இன்று உலோகத் தகட்டையும் கண்ணாடியையும் முகப்பில் ஒட்டி மறைத்த கட்டடங்களைப் பார்த்து இது தேனியா, திருப்பூரா, திருச்சூரா என்று எவராலும் சொல்ல முடியாது. மேற்கு வெயில் சுள்ளென்று விழும் பள்ளத்தாக்கில் ஜாலியை அடைத்துக் கண்ணாடியைப் பதித்து, உள்ளே சூடு தாங்காமல் குளிர்சாதனத்துக்கு மின்சாரக் கட்டணம் கட்டுவது புத்திசாலித்தனமாகவும் எனக்குப் படவில்லை.

இடிப்பதை யாரும் தடுக்க முடியாது. சொந்தக்காரருக்கு அவர் நியாயம் உண்டு. ஆயினும் தேனி, போடி, கம்பம், உத்தமபாளையம் ஊர்களில் பழைய லாட்ஜ்களை நடத்திய குடும்பத்தாருக்கு ஒரு விண்ணப்பம். கட்டடத்தை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்குமுன் முகப்பையும் படிக்கட்டையும் நடையையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். நெற்றியிலுள்ள வருஷத்தையும் சுதைச் சிற்பத்தையும் முடிந்தால் பெயர்த்தெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார், என்ன காரியம் என்று வழிப்போக்கர்கள் தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்ட வருகைப் பதிவேடுகள் உங்கள் பரணில் இருக்குமானால், பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாமல், உங்கள் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றின் சரித்திர இலாகாவிடம் கொடுங்கள்.